முட்டம்: நீச்சல் குளத்து பம்பு ரூமில் ஒழுக்கு, நாமே எதுவரை சரிசெய்யலாம்?

முட்டம்_தோப்பு:
எல்லாருக்கும் வணக்கம். முட்டத்துல ஒரு ஹோம்ஸ்டே குளம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், கான்கிரீட்ல கட்டி டைல்ஸ் ஒட்டினது. 1 எச்.பி. பம்பு, 20 இஞ்சு சாண்ட் ஃபில்டர், அதுக்கு மேல ஆறு பொசிஷன் மல்டிபோர்ட் வால்வு (கைப்பிடியைத் திருப்பித் தண்ணி போற வழியை மாத்துறது). பம்பு ரூம் குளத்துத் தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கு. தினமும் 6 மணி நேரம் ஓட்டுறோம். பேக்வாஷ் லைன் (ஃபில்டரைக் கழுவுற அழுக்குத் தண்ணி வெளியே போற பைப்பு) மண்ணுக்கடியில போய் தென்னந்தோப்புல முடியுது.

பிரச்சனை இதுதான். பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவுல சொட்டிக்கிட்டே இருக்கு. குளத்து இன்லெட்ல (சுத்தமான தண்ணி திரும்பி வர்ற வாய்) பொடிக் குமிழ் வருது, பம்பு முன்னாடி குப்பை பிடிக்குற பாஸ்கெட் மூடிக்குள்ள பாத்தா தண்ணி முழுசா நிறையல. மட்டம் ஒரு நாளைக்கு 2.5 சென்டிமீட்டர் இறங்குது. பாக்க வந்தவர் பம்பை மாத்தணும், குளத்தை வத்தவச்சு வாட்டர்ப்ரூஃப் அடிக்கணும்னு சொல்லுதாரு. அதுக்கு முன்னாடி நாமளே என்ன பாக்கலாம்?

தக்கலை_பைப்பு:
எதையும் வாங்காதீங்க, எதையும் கழட்டாதீங்க. முதல்ல கணக்கு போடுவோம்.

8-க்கு 4 குளம்னா பரப்பு 32 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் இறங்கினா 320 லிட்டர். உங்களுக்கு 2.5 சென்டி, அதாவது 800 லிட்டர். வெயிலும் காத்தும் உள்ள நாள்ல ஆவியா போறது சுமார் 5 மில்லிமீட்டர், 160 லிட்டர். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காத்து காலத்துல இன்னும் கூடும். மீதி 640 லிட்டர் எங்கேயோ போகுது.

இனி பம்புச் சொட்டைப் பாருங்க. ஒரு நொடிக்கு ஒரு சொட்டுன்னு நாள் முழுக்க சொட்டினாலும் நாலஞ்சு லிட்டர்தான் வரும். கண்ணுல படுற ஒழுக்கு அதுதான், ஆனா மட்டம் இறங்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. புது பம்பு வச்சாலும் 640 லிட்டர் போய்க்கிட்டேதான் இருக்கும்.

அந்த 640-ஐ 6 மணி நேரத்துக்குப் பிரிச்சா நிமிஷத்துக்கு 1.8 லிட்டர் வருது. பம்பு ஓடும்போது மட்டும் இந்த அளவு போகுதுன்னா என் சந்தேகம் பேக்வாஷ் லைன் மேலதான். மல்டிபோர்ட்டுக்குள்ள இருக்கிற ஸ்பைடர் கேஸ்கெட்ங்குற ரப்பர் அடைப்பு கிழிஞ்சா ஃபில்டர் பொசிஷன்லயே தண்ணி வேஸ்டுக்குப் போகும். உங்க லைன் தோப்பு மண்ணுக்குள்ள முடியுறதால யாருக்கும் தெரியாது.

ஆனா அதை உறுதிப்படுத்த வாளி டெஸ்ட் பண்ணணும். படிக்கட்டுல ஒரு வாளியை வைங்க, உள்ளே கல் போட்டு ஆடாம நிறுத்துங்க. வாளிக்குள்ள தண்ணி மட்டமும் வெளியே குளத்து மட்டமும் ஒண்ணா இருக்கணும். ரெண்டையும் மார்க்கர்ல கோடு போடுங்க. பம்பை வழக்கம்போல ஓட்டி 24 மணி நேரம் கழிச்சு ஒரு தடவை, பம்பை ஓட்டாம 24 மணி நேரம் கழிச்சு ஒரு தடவை அளக்கணும். வாளியில இறங்கினது ஆவி. குளத்துல அதைவிடக் கூடுதலா இறங்கினது ஒழுக்கு. அந்த நாள்ல யாரும் குளிக்கக்கூடாது, மழை பெஞ்சா கணக்கு செல்லாது. தானா நிரப்புற ஃப்ளோட் வால்வு இருந்தா கட்டாயம் பூட்டிடணும். நிறைய பேர் இதை மறந்துட்டு ஒழுக்கே இல்லன்னு முடிவு பண்ணிடுவாங்க.

குலசேகரம்_தோட்டம்:
அண்ணாச்சி சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிடுங்க. பம்பை நிறுத்தின நாள்லயும் மட்டம் இறங்குச்சுன்னா எந்த உயரத்துல வந்து நிக்குதுன்னு பாக்கணும். மேல மிதக்குற குப்பையை இழுக்குற ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே நின்னா ஸ்கிம்மர். லைட்டு மட்டத்துல நின்னா லைட்டுக்குப் பின்னால வயர் போற கண்டூட் பைப்பு. இன்லெட் மட்டத்துல நின்னா ரிட்டர்ன் லைன். எங்கேயும் நிக்காம இறங்கினா அடி டிரெய்ன் அல்லது தரை விரிசல்.

முட்டம்_தோப்பு:
வத்தவச்சு வாட்டர்ப்ரூஃப் அடிக்கிறது பத்தி? சீக்கிரம் செய்யணும்னு சொல்லுதாரு.

தக்கலை_பைப்பு:
வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை நேரத்துல கடலோரத்துல குளத்தை வத்தவைக்கவே கூடாது. நிலத்தடித் தண்ணி மேல ஏறி நிக்கும்போது உள்ளே பாரம் இல்லன்னா வெளித்தண்ணி குளத்தைக் கீழிருந்து தூக்கும். ஃபைபர் குளம்னா அப்படியே மிதந்து வெளியே வரும். கான்கிரீட்னா தரை வெடிக்கும், டைல்ஸ் தெறிக்கும். நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழைக்காலம், ஆனியிலயும் இதே கதைதான். குளத்து ஓட்டுல, அதாவது சுவர், தரை கான்கிரீட்ல கோளாறுன்னு டெஸ்ட்ல தெரிஞ்சா மட்டும், கோடையில, பக்கத்துக் கிணத்து மட்டம் குளத்தோட அடிக்குக் கீழே இருக்கான்னு பாத்துட்டுச் செய்யலாம்.

வடசேரி_வைண்டிங்:
பம்பு, மோட்டார் பக்கம் நான் சொல்லுகேன். முதல்ல கரண்டு. பம்பு ரூம்ல தரை ஈரம், கை ஈரம், கால்ல செருப்பு இருக்காது. சுவிட்சை அணைச்சா போதாது, எம்.சி.பி.யை இறக்கி வேற யாரும் போடாதபடி பாத்துக்கிடணும். லைன்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்சு) இல்லன்னா ஒழுக்கு வேலைக்கு முன்னாடி அதை எலெக்ட்ரீஷியனை வச்சு மாட்டுங்க. மோட்டாரைத் தொட்டா சுர்ருன்னு பிடிச்சா எர்த் போயிருக்கு, அதைச் சரிபண்ணாம ஸ்பேனரை எடுக்கவே கூடாது. கப்பாசிட்டர்ல எம்.சி.பி. இறக்கின பிறகும் சார்ஜ் நிக்கும், டெர்மினல்ல விரல் வைக்காதீங்க.

பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவுல சொட்டுதுன்னா பெரும்பாலும் மெக்கானிக்கல் சீல்தான். இதுக்காக முழு பம்பை மாத்துறது வீண் செலவு. சீல் ரெண்டு பாகம். ஒண்ணு செராமிக் வட்டு, ரப்பர் கப்புக்குள்ள உக்காந்து சீல் பிளேட்டுல நிக்கும். இன்னொண்ணு கார்பன் முகமும் ஸ்பிரிங்கும் உள்ளது, தண்ணியைத் தள்ளுற சக்கரமான இம்பெல்லரோட சுத்தும். ரெண்டு முகமும் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு ஒட்டி ஓடுறதாலதான் தண்ணி வெளியே வராது. பம்பு தண்ணி இல்லாம ஓடினா சூட்டுல அந்த முகம் கீறும், வெடிக்கும். இன்லெட்ல குமிழ் வருதுன்னா உங்க பம்பு ஏற்கெனவே காத்து இழுக்குது, சீல் போனதுக்கு அதுவே காரணமா இருக்கலாம். அதனால காத்தை அடைக்காம புது சீல் மட்டும் போட்டா அதுவும் போகும்.

கழட்டுற முறை. வால்வெல்லாம் பூட்டி, பம்புக்குக் கீழ உள்ள டிரெய்ன் பிளக்கைத் திறந்து தண்ணியை விடுங்க. பைப்பைத் தொட வேண்டாம், பெரும்பாலான பம்புல மோட்டாரோட சுத்து போல்ட்டையோ கிளாம்பையோ எடுத்தா மோட்டார், சீல் பிளேட்டு, இம்பெல்லர் எல்லாம் ஒண்ணா பின்னால வந்துடும். இம்பெல்லரை மூடியிருக்கிற டிஃப்யூசரைக் கழட்டுங்க. இனி இம்பெல்லர். மோட்டார் பின்னாடி விசிறி மூடியைத் திறந்து ஷாஃப்டை ஸ்பேனர்ல, இல்லன்னா ஸ்க்ரூ டிரைவர் வெட்டுல பிடிச்சுக்கிட்டு இம்பெல்லரை முன்னால இருந்து பாத்து இடப்பக்கமா சுத்தினா கழண்டு வரும். அதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கணும்: இம்பெல்லர் நடுவுல லாக் ஸ்க்ரூ இருந்தா அது பல மாடல்ல இடது மரை, வலப்பக்கமா சுத்தித்தான் எடுக்கணும். இது தெரியாம முறுக்கி ஸ்க்ரூ தலையை உடைச்சவங்க நிறைய.

பழைய சீலை எடுத்த உடனே தூக்கிப் போடாதீங்க. ஷாஃப்ட் விட்டம், செராமிக்கோட வெளி விட்டம், ஸ்பிரிங் உயரம், மூணும் வெர்னியர்ல அளந்து எழுதுங்க, பழசைக் கையிலயே கொண்டு போங்க. பம்பு பேரைச் சொல்லிக் கேட்டா கடையில கிட்டத்தட்ட பொருந்துறதைக் கொடுப்பாங்க, கிட்டத்தட்ட பொருந்துறது ஒழுகும். உப்புக் கிணறு, உப்பு குளோரினேட்டர் உள்ள இடம்னா வைட்டான் ரப்பர், சிலிக்கான் கார்பைடு முகம், எஸ்.எஸ். 316 ஸ்பிரிங் கேளுங்க. சாதா சீல் அங்கே நிக்காது.

பழைய செராமிக்கைப் பின்னால இருந்து மரக்கட்டையால தட்டி வெளியே எடுங்க. குழியைத் துடைச்சுட்டு, புதுசோட ரப்பர் கப்பைத் தண்ணியில நனைச்சு ஒரு சொட்டு பாத்திர சோப்பு தடவி, பளபளப்பு முகம் இம்பெல்லர் பக்கம் வரும்படி நேரா அழுத்துங்க. மேல சுத்தமான துணி வச்சு, சரியான அளவு பைப்புத் துண்டால அழுத்தினா சமமா உக்காரும். சுத்தியல் வேண்டாம். முகத்துல விரல் படக்கூடாது, பட்டா ஸ்பிரிட்டுல துடைங்க. எண்ணெய், கிரீஸ், சிலிக்கான் கிரீஸ் எதுவும் அந்த ரெண்டு முகத்துல வேண்டாம். கார்பன் பாகத்தை இம்பெல்லர் தண்டுல முகம் வெளியே பாக்க மாட்டுங்க. பூட்டின பிறகு பின்னாடி விசிறியைக் கையால சுத்திப் பாருங்க, லேசா, எங்கேயும் உரசாம சுத்தணும். பாஸ்கெட்ல தண்ணி நிரப்பி மூடின பிறகுதான் சுவிட்சு. சும்மா ரெண்டு நொடி ஓட்டிப் பாக்கலாம்னு நினைக்கவே வேண்டாம்.

கருங்கல்_வினோத்:
புது சீல் போட்டும் சொட்டுனா?

வடசேரி_வைண்டிங்:
சீல் உக்காருற இடத்துல ஷாஃப்டையோ இம்பெல்லர் தண்டையோ நகத்தால தடவிப் பாருங்க. பள்ளம் தட்டுனா எந்த சீலும் நிக்காது. இன்னொண்ணு, சீல் பிளேட்டுக்கும் பம்பு உடம்புக்கும் நடுவுல ஒரு பெரிய ஓரிங் (ரப்பர் வளையம்) இருக்கு. அதுல ஒழுகினாலும் தண்ணி அதே இடத்துலதான் சொட்டும். பேப்பரால துடைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாத்தா ஷாஃப்ட் நடுவுல இருந்து வருதா, வட்ட விளிம்புல இருந்து வருதான்னு தெரியும். பிளேட்டுல மயிரிழை வெடிப்பு இருந்தாலும் இதே மாதிரி வரும்.

குலசேகரம்_தோட்டம்:
காத்து இழுக்குறதுக்கு வருவோம். பம்பு தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கிறதால, தண்ணியை இழுக்குற சக்‌ஷன் பக்கம் ஓட்டை இருந்தா தண்ணி வெளியே வராது, காத்து உள்ளே போகும். அதனால ஈரத்தைத் தேடிப் பிரயோஜனம் இல்ல. பம்பை ஓட விட்டு ஒவ்வொரு ஜாயிண்ட் மேலயும் ஷேவிங் ஃபோம் தடவுங்க. நுரையில குழி விழுந்து உள்ளே போற இடம்தான் ஓட்டை. ஹோஸ்ல தண்ணி ஊத்தினாலும் தெரியும், ஊத்தும்போது பாஸ்கெட்ல குமிழ் குறைஞ்சா அந்த ஜாயிண்டுதான். மோட்டார் மேல தண்ணி தெறிக்காம பாத்துக்கிடணும்.

வரிசை: பாஸ்கெட் மூடி ஓரிங், பாஸ்கெட் டிரெய்ன் பிளக், பம்புக்குள்ள நுழையுற மரை, யூனியன் (கழட்டி மாட்டுற ஜாயிண்ட்), வால்வுத் தண்டு. மூடியிலயே பாதிப் பேருக்கு முடிஞ்சிடும். ஓரிங் குழியில மண், முடி, ஒரு மணல் இருந்தாலும் காத்து வரும். எங்க பக்கம் ரப்பர் இலை கொட்டுற மார்கழி, தையில பாஸ்கெட்டை அடிக்கடி திறக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் ஓரிங்ல தூசி ஏறும். இலை அடைச்சு பாஸ்கெட் நிறைஞ்சாலும் பம்பு பட்டினி கிடந்து காத்து இழுக்குற மாதிரியே காட்டும். அதனால முதல்ல ஸ்கிம்மர், பாஸ்கெட் ரெண்டையும் காலி பண்ணிட்டுப் பாருங்க.

கருங்கல்_வினோத்:
ஓரிங்ல வாசலின் தடவலாமா? பிளம்பர்மார் எல்லாம் அதைத்தானே தடவுறாங்க.

குலசேகரம்_தோட்டம்:
வேண்டாம் மக்கா. பெட்ரோலியம் ஜெல்லியும் மோட்டார் கிரீஸும் சில ரப்பரை உப்ப வைக்கும். உப்பின ஓரிங் குழிக்குள்ள உக்காராம நெளியும், அப்புறம் மூடியை ராடு வச்சு முறுக்குவாங்க, மூடி வெடிக்கும். சிலிக்கான் கிரீஸ் மட்டும், மினுக்கம் தெரியுற அளவு போதும். மூடி கையால இறுக்குறதுக்குத்தான். ஓரிங் உள்ள டிரெய்ன் பிளக்குக்கு டெஃப்ளான் டேப் சுத்தக் கூடாது, டேப் ஓரிங்கைத் தூக்கி விட்டுடும்.

தக்கலை_பைப்பு:
பம்பு வாய் மரையில காத்து இழுத்தா அது இறுக்கிச் சரியாகாது. தண்ணி இல்லாம ஓடிச் சூடான பம்புல எம்.டி.ஏ. (ஆண் மரை அடாப்டர்) மரை உருகிச் சுருங்கி இருக்கும். வெட்டி மாத்தத்தான் வேணும்.

மாத்தும்போது நம்ம ஊர்ல நடக்குற பெரிய தப்பு ஒண்ணு இருக்கு, கவனமா கேளுங்க. விவசாயத்துக்கு விக்குற 63 எம்.எம். பைப்போட வெளி விட்டம் 63. வீட்டு பிளம்பிங்குக்கு விக்குற 2 இஞ்சு ஷெட்யூல் 40 பைப்போட வெளி விட்டம் 60.3. ரெண்டும் கடையில '2 இஞ்சு'ன்னுதான் பேசுவாங்க. 60.3 பைப்பை 63 சாக்கெட்டுக்குள்ள விட்டா சுத்திலும் 1.3 மில்லிமீட்டருக்கு மேல இடைவெளி. அதுல சொல்யூஷனைக் கொட்டி நிறைச்சுட்டுப் போயிடுவாங்க. சொல்யூஷன் இடைவெளி நிரப்புற பசை இல்ல, பிளாஸ்டிக்கைக் கரைச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டவைக்கிறது. காஞ்சதும் சுருங்கி உள்ளே சின்னக் குழாய் மாதிரி வழி விடும். பிரஷர் பக்கம்னா ஒழுகும், சக்‌ஷன் பக்கம்னா காத்து. 50 எம்.எம்.முக்கும் ஒன்றரை இஞ்சுக்கும் இதே கதை, அங்கே 48.3. குளத்து யூனியன், வால்வு பெரும்பாலும் 63, 50 மெட்ரிக்ல வரும். ரெண்டு வகையையும் சேர்க்கணும்னா மரை வழியா சேருங்க: 63 பக்கம் எம்.டி.ஏ., மறுபக்கம் 2 இஞ்சு எஃப்.டி.ஏ. (பெண் மரை அடாப்டர்). வெர்னியர் இல்லாம பைப்பு வாங்கக் கூடாதுன்னே சொல்லுவேன்.

மரையிலயும் பாக்கணும். நம்ம ஃபிட்டிங் பிரிட்டிஷ் அளவான பி.எஸ்.பி. மரை, 2 இஞ்சுல ஒரு இஞ்சுக்கு 11 புரி. அமெரிக்க பம்பு என்.பி.டி., பதினொன்றரை புரி. ரெண்டு மூணு சுத்து நல்லா போய் அப்புறம் சிக்கும். அதுக்கு மேல முறுக்கினா பம்பு வாய் பிளக்கும். என்.பி.டி. அடாப்டர் தனியா வாங்கணும்.

டேப் சுத்துறது மரை நுனியைப் பாத்துப் பிடிச்சு வலச்சுத்தா, மெல்லிய டேப்னா 8, 10 சுத்து. கை இறுக்கத்துக்குப் பிறகு ஒரு சுத்து, ஒன்றரை சுத்துக்கு மேல வேண்டாம். பிளாஸ்டிக் வாய்க்குள்ள இரும்பு, பித்தளை ஆண் மரை போடாதீங்க.

ஒட்டும்போது வெட்டு நேரா இருக்கணும், பிசிறு எடுத்து விளிம்பைச் சாய்ச்சு அரம் போடுங்க. பைப்பு, சாக்கெட் ரெண்டுலயும் சொல்யூஷன் பூசி, உள்ளே தள்ளிக் கால் சுத்து திருப்பி அரை நிமிஷம் பிடிக்கணும். வழியுற தண்ணி இருந்தா ஒட்டாது, லைனை முழுசா வடிச்சுட்டுத்தான். 63 ஜாயிண்டுக்கு 24 மணி நேரம் கழிச்சு பம்பு போடுங்க, மழை ஈரத்துல இன்னும் விடுங்க. பம்புக்கு முன்னாடி பெண்டு ஒட்டாம 30 சென்டிமீட்டராவது நேர் பைப்பு விட்டா தண்ணி சுழலாம போகும்.

முட்டம்_தோப்பு:
வாளி டெஸ்ட் முடிஞ்சுது. பம்பு ஓடின நாள் குளம் 26 மில்லிமீட்டர், வாளி 5. நிறுத்தின நாள் குளம் 6, வாளி 5. தோப்புல பேக்வாஷ் வாயைத் தோண்டிப் பாத்தா ஃபில்டர் பொசிஷன்ல விரல் பருமன்ல தண்ணி வருது. தற்காலிகமா அந்த லைன்ல ஒரு பால் வால்வு வச்சுப் பூட்டட்டுமா?

தக்கலை_பைப்பு:
அப்போ குளத்து ஓடு நல்லாத்தான் இருக்கு. வால்வு வைக்காதீங்க. அது பூட்டியிருக்கிறது தெரியாம யாராவது பேக்வாஷ் போட்டா ஃபில்டர் டேங்குல பிரஷர் ஏறிடும். தண்ணி வீணாவது நின்னாலும், கிழிஞ்ச கேஸ்கெட் வழியா அழுக்குத் தண்ணி வடிகட்டாமக் குளத்துக்குத் திரும்பிப் போறதும் நிக்காது.

திறக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பம்பை நிறுத்தி பேக்வாஷ் வச்சு 2 நிமிஷம், மறுபடி நிறுத்தி ரின்ஸ்ல (அலசுற பொசிஷன்) அரை நிமிஷம் ஓட்டிட்டு ஃபில்டருக்கு வாங்க. சின்னக் கல், மணல் சிக்கியிருந்தா அதுலயே போயிடும். போகலன்னா திறக்கணும்.

பம்பு ஆஃப், காத்து ஸ்க்ரூவைத் திறந்து பிரஷர் மானி பூஜ்யத்துக்கு வரணும். மூடிக்கும் உடம்புக்கும் குறுக்கே மார்க்கர் கோடு, இது முக்கியம், மூடி மாறி உக்காந்தா எல்லா பொசிஷனும் தப்பாயிடும். ஸ்க்ரூவை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தி எடுங்க, உள்ளே பெரிய ஸ்பிரிங் இருக்கு. மூடியைத் தூக்கினா கீழ சக்கர ஆரம் மாதிரி தெரியுறதுதான் ஸ்பைடர் கேஸ்கெட். கிழிஞ்ச இடம், மேல எழும்பின ஆரம், அடியில சிக்கின மணல் எல்லாம் கண்ணுக்கே தெரியும். பழசைப் பிடுங்கி, குழியில உள்ள பழைய பசையை மரக்குச்சி, பிளாஸ்டிக் தகட்டால சுரண்டுங்க. இரும்பு போட்டா கீறல் விழும், கீறல்ல ஒழுகும்.

புது கேஸ்கெட்ல தட்டையான பக்கம் குழிக்குள்ள, புடைப்பு உள்ள பக்கம் மேல. பசை வேணுமா வேண்டாமாங்குறது கம்பெனி தாள்ல இருக்கும். வேணும்னா குழிக்குள்ள அங்கங்கே ஒரு சொட்டு, மேல வழிஞ்சா புடைப்பு கெட்டிப்பட்டு மறுபடி ஒழுகும். ரோட்டர் அடியைத் துடைச்சு, மூடி ஓரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸ், கோட்டுக்குக் கோடு சேர்த்து, ஸ்க்ரூவை எதிரெதிரா கையால இறுக்குங்க. டிரில் மெஷின் வச்சு இறுக்கினா வெயில் பட்டு மொறுமொறுத்த மூடி வெடிக்கும்.

கேஸ்கெட் கிழியுறதுக்குக் காரணம் பெரும்பாலும் ஒண்ணுதான்: பம்பு ஓடும்போதே கைப்பிடியைத் திருப்புறது. வேலை பாக்குற பையன்மாருக்கு இதைச் சொல்லி, வால்வு பக்கத்துல எழுதி ஒட்டுங்க.

கருங்கல்_வினோத்:
எம்-சீல் வச்சு வெளியே பூசினா?

வடசேரி_வைண்டிங்:
தண்ணி ஓடுற பிரஷர் ஜாயிண்ட் மேல எபாக்சி புட்டி நிரந்தரமா நிக்காது. அதைப் பூசிட்டா அப்புறம் யூனியனைக் கழட்டவும் முடியாது. ஸ்கிம்மருக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவுல விரிசல்னா தண்ணிக்கடியில காயுற எபாக்சி சரி, அங்கே அழுத்தம் கம்மி.

குலசேகரம்_தோட்டம்:
மல்டிபோர்ட்டை டேங்குல இருந்து முழுசா கழட்டினா உள்ளே மணல் எவ்வளவு இருக்குன்னும் பாத்துக்கிடலாம், மூடியை மட்டும் திறந்தா தெரியாது. குறைஞ்சிருந்தா கடற்கரை மணலைக் கொண்டு போடாதீங்க. மணவாளக்குறிச்சி பக்கம் உள்ள கறுப்பு மணல்ல மோனசைட் கலந்திருக்கு, அதுல தோரியம் உண்டு. சாதா கடல் மணல்லயும் சிப்பித் துகள் கரைஞ்சு தண்ணியைக் கடினமாக்கும். ஃபில்டருக்குன்னு விக்குற, 0.4-ல இருந்து 0.8 மில்லிமீட்டர் சிலிக்கா மணல் மட்டும்.

வேலை முடிஞ்சு பேக்வாஷ் பண்ணின உடனே பிரஷர் மானி காட்டுறதை எழுதி வைங்க. அதுல இருந்து அரை பார் ஏறினா அடுத்த பேக்வாஷ். அதுக்கு மேல ஓடவிட்டா வலுவில்லாத ஜாயிண்ட் எல்லாம் ஒழுக ஆரம்பிக்கும்.

முட்டம்_தோப்பு:
கேஸ்கெட் மாத்தியாச்சு, பேக்வாஷ் வாய் காஞ்சு கிடக்கு. பம்பு வாய்ல இருந்தது 60.3 பைப்பும் 63 யூனியனும்தான். அதை வெட்டிட்டு மரை வழியா சேர்த்தாச்சு, காத்து இல்ல. சீலும் போட்டாச்சு, சொட்டு இல்ல. ஆனா மோட்டார் முன்பக்கம் கிர்ருன்னு ஒரு சத்தம்.

வடசேரி_வைண்டிங்:
சீல்ல இருந்து சொட்டின தண்ணி முன் பேரிங்குக்குள்ள போய் கிரீஸைக் கழுவியிருக்கும். அப்படியே ஓட்டினா ஷாஃப்ட் ஆடும், ஆடினா புது சீலும் போகும். இதை வீட்டுல சுத்தியல் வச்சுத் தட்டி எடுக்காதீங்க, வைண்டிங் கடையில புல்லர் இருக்கும். இந்த அளவு மோட்டார்ல பெரும்பாலும் 6203, இல்லன்னா 6204. பேரிங் மேலயே நம்பர் அடிச்சிருக்கும், அதே நம்பர்ல ரெண்டு பக்கமும் ரப்பர் மூடின 2ஆர்.எஸ். கேளுங்க. முன், பின் ரெண்டையும் ஒண்ணா மாத்துறது நல்லது. ஷாஃப்டுல சீல் பிளேட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவுல ஒரு ரப்பர் வளையம் இருக்கும், சொட்டுற தண்ணியைச் சிதறடிச்சு பேரிங்குக்குப் போகாம தடுக்குறது. கடையில இருந்து மோட்டார் திரும்பி வரும்போது அது விட்டுப்போகும், கேட்டு வாங்கி மாட்டிடுங்க. பிளேட்டு போல்ட்டும் அப்பவே எஸ்.எஸ். 316-க்கு மாத்திடுங்க, முட்டம் உப்புக்காத்துல சாதா போல்ட் துருப்பிடிச்சு இறுகிட்டா அடுத்த சீலுக்குத் திறக்க வராது.